நாலாம் கேபினில் சுற்றும் சக்கரம்

நாலாம் கேபினிலிருந்து அந்த மணிச் சத்தம் மறுபடியும் கிளம்பியது. கோயில் மணியும் இல்லை, பள்ளிக்கூட மணியும் இல்லை, ஜலாலைக் காட்டிக் கொடுப்பதற்கென்றே எவனோ செய்துவைத்த மணி. எட்டி வாசலைப் பார்த்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் போலீஸ் ஜீப் எதுவும் நிற்கவில்லை. போன வாரம்தான் பெருங்களத்தூர்ப் பக்கம் சீட்டாடிய கும்பலை அள்ளிக்கொண்டு போனார்கள் என்று டீக்கடையில் பேச்சு. இங்கே வர எவ்வளவு நேரமாகும்?

உள்ளே உட்கார்ந்திருந்தது கிளியம்மாள். இரும்புலியூரில் ஜலால் பிரவுசிங் சென்டர் நடத்துகிற கட்டடமே அவளுடையதுதான். நெல் விளைந்த நிலத்தை பிளாட் போட்டு விற்று, மிச்ச இடத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்ட குடும்பம். மகன் அமெரிக்காவில். போன மாதம் ஒருநாள், பேரன் போட்டோவைப் பார்க்க வேண்டும் என்று வந்து உட்கார்ந்தாள். முதல் இரண்டு நாள் ஸ்கிரீனைவிட ஜலாலைத்தான் அதிகம் பார்த்தாள். சிகரெட் உண்டா, சிநேகிதக்காரர்கள் யார், வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கடையைச் சாத்துகிறானா என்று தோண்டிக்கொண்டே இருந்தாள். கட்டடக்காரம்மா என்றால் அப்படித்தான் என்று அவனும் விட்டுவிட்டான். மூன்றாம் நாள் ஸ்கிரீனில் என்னவோ மின்னியது. அம்மாள் அதை அமுக்கினாள். பழப்படம் போட்ட சக்கரம் ஒன்று சுற்றியது. அன்றோடு பேரன் மறந்துபோனான்.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது, பாவம். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் தினம் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கிப் பழகிய கை. அரசாங்கம் லாட்டரியைத் தடை செய்ததிலிருந்து நாலு வருஷமாக அந்தக் கை சும்மா கிடந்தது. இப்போது காசு கட்டி ஆடுகிறாளா, சும்மா ஆடுகிறாளா என்று ஜலாலுக்குத் தெரியாது. கேட்கிற தைரியமும் இல்லை.

போலீஸ் பயம்கூடப் பெரிதில்லை. ஃபராவைப் பெண் பார்த்துவிட்டு வந்து ஒரு மாதம் ஆகிறது. கொஞ்சம் விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார் அவளுடைய அத்தா ஜாகிர். குவைத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர், சூதாட்டம் என்றாலே காத தூரம் ஓடுகிற மனுஷர். ஒரு மாதமாக அவரிடமிருந்து மூச்சு இல்லை. வேண்டாம் என்றாவது சொல்லித் தொலைக்கக்கூடாதா? இந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளை கடையில் சூதாட்டம் நடக்கிறது என்று அவர் காதில் விழுந்தால் முடிந்தது கதை. டீ கொடுக்கும்போது ஃபரா ஒரே ஒரு தரம் நிமிர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டால் ஜலாலுக்குச் சோறு இறங்குவதில்லை.

முதலில் நாலாம் கேபின் மவுஸைப் பிடுங்கி ஒளித்துவைத்து, கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றான். கிளியம்மாள் கோபித்துக்கொள்ளவே இல்லை. வாசல் கண்ணாடிக் கதவை ஒட்டியிருந்த கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தாள். அதற்கு ஸ்பீக்கர் வேறு பெரியது. அரை மணி நேரத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்து, எலுமிச்சம்பழம் விழுமா செர்ரி விழுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜலாலே மவுஸை மாட்டி, கெஞ்சிக் கூத்தாடி அவளை உள்ளே அனுப்பினான்.

அப்புறம்தான் மூளையைக் கசக்கினான். எந்தெந்த நாட்டில் சூதாட்டத்துக்கு என்ன சட்டம் என்று ஒரு காலை முழுக்க உட்கார்ந்து படித்தான். அமெரிக்காவில் புதுச் சட்டம் வந்ததும், இந்த மாதிரி சைட்டுகள் பல அந்த நாட்டுக்காரர்களைச் சேர்ப்பதில்லையாம். சக்கரம் சுற்றுமுன் எந்த நாடு என்று ஒரு கேள்வி கேட்கும். அதில் அமெரிக்கா என்று மாற்றிவைத்தான். மன்னிக்கவும், உங்கள் நாட்டவருக்கு அனுமதி இல்லை என்று வந்தது. ஜலால் நிம்மதியாக ஒரு டீ குடித்தான்.

டீ முடிவதற்குள் கிளியம்மாள் வந்துவிட்டாள். ஸ்கிரீனில் இருந்ததை அவனையே படித்துச் சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாடா ஜலாலு, அமெரிக்கான்னா கெடையாதாமா? எம்புள்ள அங்கதான் கீறான், போன் போட்டு இன்னா ஏதுன்னு கேக்கட்டா? எங் கட்டடத்துல எஞ் சக்கரம் சுத்தாதுன்னா, அப்பால உங் கடை மட்டும் எதுக்கு?"

அவன் ஆடிப்போனான். நாடு தப்பாக விழுந்துவிட்டது, மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டான். உலகத்திலேயே சூதுக்குக் கடுமையான தடை வளைகுடாவில்தான். அங்கே எந்தச் சைட்டும் வாலாட்டாது. குவைத் என்று அமுக்கினான். சைட் மூடவில்லை. ஸ்கிரீன் முழுக்க அரபி எழுத்தாக மாறி, சக்கரம் முன்னைவிடப் பெரிதாக வந்து நின்றது. திரும்ப மாற்றலாம் என்றால் எந்த இடத்தில் அமுக்குவது என்றே தெரியவில்லை.

கிளியம்மாளுக்கோ ஒரே குஷி. "நீதான் அரபி ஓதறவனாச்சே, படி."

ஓதுவான், உண்மைதான். சின்ன வயதில் மதரஸாவில் எழுத்துக்கூட்டி ஓதப் பழகியதோடு சரி, அர்த்தம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அதைச் சொன்னால் அவள் நம்பவில்லை. வேறு வழியில்லாமல் ஆரம்பித்தான். அரபி என்றால் அவன் தொண்டைக்குத் தெரிந்தது குர்ஆன் ஓதுகிற ஒரே ராகம்தான். இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மேலிருந்து கீழே வரைக்கும் ராகமாகப் படித்தான்.

படித்து முடித்துத் திரும்பினால், பின்னால் ஜாகிர் நின்றுகொண்டிருந்தார். ஓதுகிற சத்தம் கேட்டு மரியாதையாகத் தலையில் கைக்குட்டையைக் கட்டியிருந்தார் போலிருக்கிறது. இப்போது அதை மெல்ல அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, என்ன படிச்சீங்கன்னு தெரியுமா?"

"தெரியாது மாமா."

"முதல் தடவை ஆடறவங்களுக்கு கட்டின காசு போல ரெண்டு மடங்கு தர்றாங்களாம். சீக்கிரம் வரச் சொல்றாங்க."

ஆடியது நான் இல்லை, இந்த அம்மாள்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கிளியம்மாளைப் பார்த்தான். அத்தனை அதட்டல் போட்டவள், முந்தானையைக் கசக்கிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயசானவளைப் பிடித்துக் கொடுத்து ஒரு கல்யாணமா என்று தோன்றியது. ஃபரா சிரித்த முகம் ஒரு தரம் கண்ணுக்குள் வந்துபோனது.

"என் கடை மாமா. இங்க என்ன நடந்தாலும் தப்பு என்னோடதுதான். உங்க பொண்ணுக்கு வேற எடம் பாத்துக்குங்க."

ஜாகிர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கிளியம்மாள் பக்கம் திரும்பினார்.

"பையன் எப்படின்னு கடையில உக்காந்து பாத்துச் சொல்லுங்கம்மான்னு ஒரு மாசம் முன்னாடி உங்களைத்தானே கேட்டேன்? போன் போடும்போதெல்லாம் 'அவசரப்படாதீங்க பாய், இன்னும் ரெண்டு நாள் பாக்கணும்'னீங்களே, அது இதுக்குத்தானா?"