செத்தவன் பிடித்த பந்துகள்

பைன் ரிவர், மிச்சிகன்
மார்ச் 3, 2012

அன்பும் மரியாதையும் மிக்க அய்லி அக்காவுக்கு,

தம்பி ரெய்னோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சுகம். வாசற்கதவு பாதிவரை பனியில் புதைந்து கிடக்கிறது. உங்கள் பக்கம் எப்படி?

உன் பேரன் டைலர் கல்லூரி சாதனையை முறியடித்துவிட்டான், ஆனால் முறியடிக்கவில்லை. பதறாதே, சொல்கிறேன். கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதில் நம் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் இன்றுவரை முதல் ஆள் ஆர்வோ சால்மெலா. மொத்தம் 1,211. உறைந்த ஏரியில் பனி உடைந்து அவன் மூழ்கிச் செத்து நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது. ஜனவரியில் டைலர் அவனை நெருங்கியதும், அணிக்குக் கணக்கெழுதுகிறவன் நான்தானே, சாதனைப் புத்தகத்தைத் திறந்தேன், 1,212 என்று இருந்தது. என் பென்சில், என் கையெழுத்து, ஆனால் நான் எழுதவில்லை. கண் மங்கிப்போச்சு என்று நினைத்து அழித்துத் திருத்தினேன். அடுத்த ஆட்டம் முடிந்து பார்த்தால் 1,213. அந்தப் பக்கம் மட்டும் ஈரம், அக்கா.

யார் கையிலும் சிக்காமல் கோட்டுக்கு வெளியே போகிற பந்தை எவன் பேரிலும் எழுதாமல் ‘அணி’ என்று பொதுவில் போடுவோமே, நம் அரங்கில் அப்படிப் போட்டதில் ஒன்று மறுநாள் ஆர்வோ கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். பயிற்சியாளர்கிட்ட சொன்னா, “என்ன ரெய்னோ, சவுனா நீராவி அறையில ரொம்ப நேரம் உக்காந்துட்டியா? மூளை வெந்துபோச்சு போல”ன்னு சிரிக்கிறார். டைலர் சிரிக்கல. “தாத்தா, கூடைக்கு அடியில யாரோ முழங்கையால இடிக்கிறாங்க. ஐஸ் மாதிரி இருக்கு. திரும்பினா ஆளே இல்ல”ன்னு சட்டையைத் தூக்கிக் காட்டினான். விலாவில் நீலமா கன்றிப்போயிருந்தது.

நேற்று கடைசி ஆட்டம். டைலர் உயிரைக் கொடுத்து ஆடி 1,216-க்கு வந்துட்டான். புத்தகத்தில் ஆர்வோ 1,218. பையனுக்கு இனிமேல் கல்லூரி ஆட்டமே கிடையாது. உடைமாற்றும் அறையில துண்டால முகத்தை மூடிக்கிட்டு உக்காந்திருந்தான், பார்க்கச் சகிக்கல. நான் விடுவேனா? செத்தவனுக்கு எதுக்குப் பந்து? நாற்பத்துநாலு வருஷமா இந்தப் பென்சில் யாருக்கும் ஒண்ணு கூட்டினதில்ல, குறைச்சதில்ல. ஏறின ஏழு பந்தையும் அழிச்சுட்டு 1,211-ஐ மையால எழுதப்போறேன். அடுத்த வெள்ளி கல்லூரியில நடக்கிற பாராட்டு விருந்துக்கு நீ கேக் சொல்லிடு. டைலர் பேர் பெரிசா இருக்கணும்.

அத்தானின் இருமல் குறையட்டும். உங்கள் அடுப்பில் விறகு தீராமல் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் தம்பி,
ரெய்னோ கங்காஸ்

பி.கு.: கேக்கில் பேரை மாத்து. அழிக்கிறதுக்கு முந்தி அறுபத்தெட்டாம் வருஷத்து ஆட்டத்தாள்களை எடுத்தேன். ஆர்வோ உன்னை நடனத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போன குளிர்காலம். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அவன் ரெண்டு கையாலயும் பிடிச்ச பந்தை நான் ‘அணி’ன்னு எழுதினேன். எத்தனை தடவைன்னு இன்னைக்குத்தான் எண்ணினேன், அக்கா. ஏழு. புத்தகத்துப் பக்கம் இப்போ காஞ்சிருக்கு. அதனால ஆர்வோ சால்மெலா, 1,218 என்றே எழுதச் சொல். அத்தான் கேட்டா, தம்பிக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு சொல்லிடு. டைலர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவன் என் கையிலிருந்த பென்சிலை மட்டும் வாங்கிக்கிட்டுப் போயிட்டான்.