கட்டின காசுக்கு விளையாடப் போனது

சும்மா கிடைப்பதை விட்டு எழும்பிப் போக எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் முடியும். காசு கட்டிய ஒன்றை விட்டு எழும்ப ஒருவருக்கும் முடியாது. அக்காவின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்ததற்கு இந்தக் குணம்தான் காரணம். (சரி, நானும் கொஞ்சம் காரணம்.)

அப்போது சமாதானக் காலம். அதற்கு முன் சண்டைக்குள் மாங்குளத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, வவுனியாவில் வாடகை வீட்டில் இருந்தோம். கணினி படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் நெற்கஃபேயில் ஒரு இணைய விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். இலவசம். உள்ளே போக இலவசம், ஓட இலவசம், சாகவும் இலவசம். சப்பாத்துக்குக் காசு, வாளுக்குக் காசு. அதைக் கட்ட வங்கி அட்டை வேண்டும்; எங்கள் தெருவிலேயே எவரிடமும் அது இல்லை. வெறுங்காலுடன் ஒரு தடியை வைத்துக்கொண்டு மாதக்கணக்காக முயலுக்கு அடித்துக்கொண்டிருந்தேன். காசுள்ள வீட்டுப் பிள்ளைகள் பறக்கும் குதிரையில் என் தலைக்கு மேலால் போவார்கள்.

அக்காவுக்குப் பேசி முற்றாக்கியிருந்த கனடா மாப்பிள்ளை, அதாவது அத்தான், மாதத்துக்கு ஒருதரம் தொலைபேசிக் கடைக்கு அழைப்பார். இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மச்சாள், அது இலவசமில்லை, பகல் கொள்ளை! நான் விளையாடுறதுக்கு மாதாமாதம் கட்டவேணும். ஆனா உள்ளுக்குப் போனா எல்லாரும் ஒண்டுதான். காசு குடுத்து வாள் வாங்கேலாது, பாடுபட்டுத்தான் எடுக்கவேணும்."

அவர் பாடுபட்டு எடுத்தவர். தாடி வைத்த ஒரு பெரிய போர்வீரன்தான் விளையாட்டுக்குள் அவருடைய ஆள். வருடக்கணக்காகச் சேர்த்த வாள், கவசம், தங்கம் எல்லாம் அங்குள்ள நகரத்துக் களஞ்சியத்தில் இருந்தன. இப்போது இரண்டு வேலை, விளையாட நேரமில்லை என்று கதையோடு கதையாக அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஐயோ, கட்டின காசெல்லே வீணாப் போகுது! பிள்ளை, நீ போய் விளையாடு."

தாய் துரத்தித் துரத்தி விளையாட அனுப்பிய பிள்ளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அத்தான் கடவுச்சொல்லைத் தந்தார். அக்கா மட்டும் என்னை வாசலில் மறித்தாள்.

"அந்தாள் உயிரா வச்சிருக்கிற சாமான். ஏதும் பிழைச்சுதோ, என்ர கலியாணம் அவ்வளவுதான். கண்டபடி ஒண்டையும் தொடாதை, சொல்லிப்போட்டன்."

தொடவில்லை. தாடிக்காரனைச் சந்தையடியில் அங்கும் இங்கும் நடக்கவிட்டேன். எனக்கோ ஓரிடத்தில் இருக்க வராது. காலை ஆட்டுவேன், நகத்தைக் கடிப்பேன், மாதம் ஓடுகிறதே என்று மணிக்கூட்டைப் பார்ப்பேன். அப்படி ஒரு மத்தியானம், திரையில் சிவப்பு எழுத்து ஓடியது: எதிரிகள் நகரத்தை நோக்கி வருகிறார்கள்!

வேறு ஊர்ப் பிள்ளை என்றால் வாளை உருவியிருக்கும். என் கை தானாகப் போய்க் களஞ்சியத்தைத் திறந்தது. குண்டுச் சத்தம் கிட்ட வந்தால் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட வேண்டும். எனக்குத் தெரிந்த போர்க்கலை அவ்வளவுதான். வாள், கவசம், தங்கம், மருந்துக்குப்பி, சுவரில் மாட்டியிருந்த மான்தலை, ஒன்றும் மிச்சமில்லை. பாரம் தாங்காமல் தாடிக்காரன் தள்ளாடினான். மாங்குளத்தை விட்டு வெளிக்கிட்ட அன்று அம்மா அம்மிக்கல்லையும் சைக்கிளில் கட்டிவிட, அப்பா உருட்டிக்கொண்டு போனாரே, அதே நடை.

அத்தானின் விளையாட்டுக் கூட்டாளிகள் ஆங்கிலத்தில் மறித்தார்கள். எங்கே போகிறாய்? ஊர் விழப்போகுது, நீங்களும் வெளிக்கிடுங்கள் என்று என் ஆங்கிலத்தில் தட்டினேன். ஒருவன் கெஞ்சினான்: களஞ்சியத்தில் இருப்பதை எவனாலும் தொட முடியாது, வெளியே செத்தால்தான் எல்லாம் போகும், திரும்பி வா. (பத்திரமான இடம் என்று எத்தனை பேர் எங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்! நானா நம்புவேன்?)

பாலத்தடியில் பூதங்கள் நின்றன. தாடிக்காரன் விழுந்தான். வழிப்போக்கர்கள் வந்து மான்தலை உட்பட எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். நகரமோ அப்படியே இருந்தது. எதிரி வருவது அங்கே கிழமைக்கொரு திருவிழாவாம்!

"என்ர கலியாணத்தைக் கெடுத்துப்போட்டியேடி!" என்று அக்கா குளறினாள். அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அத்தானின் அழைப்பு வந்தபோது அக்கா ரிசீவரை என் கையில் திணித்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள். நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன்.

"மச்சாள், பக்கத்தில ஆரும் நிக்கினமோ?"

"இல்லை அத்தான், அக்கா அங்கால நிக்கிறா."

"நானும் முதல்தரம் இதைத்தான் செய்தனான்," என்றார் மெல்ல. "கிளிநொச்சியால வெளிக்கிட்ட மாதிரி எல்லாத்தையும் கட்டிக்கொண்டு ஓடி, உந்தப் பாலத்தடியிலதான் செத்தனான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "கோபமில்லையாம்," என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன். அவள் அந்த இடத்திலேயே குந்திவிட்டாள்.

அடுத்த மாதம் அவர் அந்த விளையாட்டுக்குக் காசு கட்டவில்லை. அந்தக் காசில் தொலைபேசி அட்டை வாங்கி அக்காவோடு கிழமைக்குக் கிழமை கதைத்தார். கல்யாணமும் நடந்தது. அவர்களின் பிள்ளைகள் இன்றைக்கும் என்னை 'மூட்டைச் சித்தி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் போகும்போதெல்லாம் இந்தக் கதையை எடுத்து, தாடிக்காரன் தள்ளாடிய மாதிரி நடந்து காட்டுவது அத்தான்தான். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பதும் அவர்தான். சிரிக்கட்டும், பிள்ளைகள் இதை வாசிக்கும் வரைக்கும்.