தனியாக வந்ததற்குச் சாட்சி

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்த மோசஸ், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டான்.

"இன்னா, சொந்தப் பேரு மறந்துடுச்சா?" என்றாள் மனைவி கிறிஸ்டினா.

"கண்ணால பாக்காம நான் எந்தத் தாள்லயும் கையெழுத்து போட்டதில்ல."

உண்மைதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரிச் சக்கரத்துக்கு போல்ட் செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக அவனுக்குத் தரப் பரிசோதனை வேலை. அவன் பார்த்துக் கையெழுத்துப் போடாத ஒரு போல்ட்டும் கேட்டைத் தாண்டியதில்லை.

ஆனால் இந்தத் தாள் மகள் மோனிகாவுடையது. எட்டாம் வகுப்பு. மற்ற பிள்ளைகள் ஒரு தடவையில் படிப்பதை அவள் இருபது தடவையில் படிப்பாள். படித்ததை அப்புறம் மறக்கவே மாட்டாள். அவளுக்கென்றே சிறப்பாசிரியர் நந்தினி எழுதிய தனிநபர் கல்வித் திட்டத்தில் இந்தப் பருவத்துக்கு ஒரே ஓர் இலக்கு: 'வீட்டிலிருந்து பள்ளிக்கு யார் துணையும் இல்லாமல் வருதல்.' வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், அடுத்த வருஷம் தோழி ஸ்நேகாவோடு பஸ் ஏறிப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போகலாம். ஜன்னல் சீட்டு தனக்குத்தான் என்று மோனிகா ஏற்கெனவே ஸ்நேகாவிடம் சொல்லியாகிவிட்டது.

"திங்கக்கெழம பொண்ணு தனியாதான் வந்துச்சுன்னு டீச்சரே சொன்னாங்களே!"

"அவங்க கேட்டாண்ட வந்தத பாத்தாங்க. வழியெல்லாம் யாரு பாத்தது?"

செவ்வாய்க்கிழமை மோசஸ் ஐம்பதடி பின்னால் நடந்தான். ரேஷன் கடை வரை எல்லாம் சரி. அங்கே மோனிகா திரும்பிப் பார்த்தாள், நின்றாள், அவன் வந்து சேர்ந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, தனியா வர பயமா இருக்குதா?"

கைகோத்தபடியே பள்ளி வாசல் வரை கொண்டுபோய் விட்டாள். இலக்கு அம்பேல்.

புதன்கிழமை பைக்கில் போனான். அவள் நடக்கும் வேகத்துக்கு பைக்கை உருட்டினால் தெருநாய்கள் சும்மா இருக்குமா? நான்கு சேர்ந்து குரைத்துக்கொண்டு காலுக்குப் பாய்ந்தன. பாதி வழி போன மோனிகா திரும்பி ஓடிவந்து, "ச்சீ, போ!" என்று பையை வீசி நாய்களை விரட்டி, அப்பாவைப் பத்திரமாக வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்குப் பள்ளி இல்லை.

"நாளையோட முடிஞ்சுது. பேசாம கையெழுத்தப் போட்டுட்டு போய்யா, பேஜாரு பண்ணாத!" என்று கிறிஸ்டினா தலையில் அடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை மோசஸ், தன்னோடு வேலை பார்க்கும் அன்புசெல்வனின் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு, சுள்ளென்ற வெயிலில் மழைக்கோட்டும் மாட்டி, பீரோக் கண்ணாடி முன் நின்றான். முகம் துளிகூடத் தெரியவில்லை. இட்லியைப் பிட்டபடி மோனிகா எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

இன்று நூறடி இடைவெளி. ரேஷன் கடை தாண்டினாள். குழாயடியில் ஒரு நிமிஷம் நின்றாள். தண்ணீர் குடிக்கிறாள் போலும் என்று மோசஸ் நினைத்தான். மறுபடி நடந்தாள். அவன் குழாயடிக்கு வந்ததுதான் தாமதம், ஆறு குடங்கள் வழியை மறித்தன.

"டேய், எவன்டா நீ? பொண்ணு பின்னாடியே வந்துக்கினு கீற?" தண்ணீர் பிடிக்க வந்திருந்த கங்கம்மா அவன் காலரைப் பிடித்தாள்.

"நான் அவ அப்பா..." ஹெல்மெட்டுக்குள் சொன்னது ஹெல்மெட்டுக்குள்ளேயே நின்றது. கழற்றப் பார்த்தான், வார் சிக்கிக்கொண்டது.

"ஏம்மா மோனிகா! இந்தாளு யாருன்னு தெரியுமா?"

தூரத்தில் மோனிகா நின்று, மேலும் கீழும் பார்த்தாள்.

"தெரியாது ஆன்ட்டி!"

திரும்பி நடந்தாள். கோயில் முனையில் வந்த டிராக்டருக்கு ஒதுங்கி நின்றாள். இடம் வலம் பார்த்தாள். கடந்தாள். திருப்பத்தில் மறைந்தாள்.

காலர் கங்கம்மா கையில், முதுகில் குடத்தின் இடி. அந்த நிலையிலும் மோசஸுக்கு நெஞ்சு விம்மியது. முகம் தெரியாத ஆளை நம்பாமல் போகிறாளே, என் மகள்!

வார் அறுந்து முகம் வெளியே வருவதற்குள் நந்தினி டீச்சரும் கையெழுத்துக்காக அவனைத் தேடி ஸ்கூட்டரில் வந்துவிட்டார்.

"சார்! மோனிகா எட்டு அம்பதுக்கு வந்துட்டா. கையெழுத்து?"

"கோயில் முனைக்கு அப்பால நான் பாக்கலையே மேடம்."

"நீங்க பாக்காததுக்குப் பேருதான் சார் தனியா வர்றது."

மோசஸ் மழைக்கோட்டைத் தூக்கிச் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, ஸ்கூட்டர் சீட்டின் மேல் விரித்தான். பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக, பார்க்காத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டான். கீழே போட்ட கோடு என்றைக்கும் இல்லாத அழுத்தத்தில் விழுந்தது.

"பாத்தியா கங்கம்மா," என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பெத்த அப்பனையே தெரியாதுன்னு சொல்ற அளவுக்கு உஷாரு எம் பொண்ணு!"

கங்கம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"உஷாருதான்! 'ஆன்ட்டி, பின்னாடி ஹெல்மெட்டு போட்டுக்கினு எங்கப்பா வரும், நான் ஸ்கூலுக்குள்ள போற வரைக்கும் உடாம புடிச்சி வெச்சிக்க'ன்னு சொல்லிட்டுப் போனதே அதுதான்யா!"