நட்சத்திரத்தை அவித்த அமுக்கம் சேர்

வாழைச்சேனையில் நான் வேலை செய்த படகை முதலாளி விற்றுவிட்டார். இடுப்பில் சாரமும் தோளில் பையுமாகத் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். செட்டிபாளையத்தில் ஓர் ஓலைக் கொட்டில் வாசலில் நின்றவர் என் பெயரைக் கேட்கவில்லை.

"நிறை எவ்வளவு மனே?"

"எண்பது கிலோ இருக்கும்."

"அப்ப உள்ளுக்கு வா. சாப்பிட்டயா?"

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் நின்று நட்சத்திரத்தை அவித்துக் காட்டிய மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான். அந்தக் கொட்டிலில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் டியூசன் கொடுப்பவர். ஊர் அவருக்கு அமுக்கம் சேர் என்று பெயர் வைத்திருந்தது. இருக்கை காலியாக உள்ள பஸ்ஸில் அவர் ஏறமாட்டார். நெரிசலில் நசுங்கி, சட்டைப் பொத்தான் இல்லாமல் இறங்கி, "இன்னும் நாலு பேர் ஏறியிருந்தா நாங்க எல்லாரும் ஒரே ஆள்" என்று சந்தோசப்படுவார்.

அன்று பின்னேரம் பெற்றோர் வரவிருந்தார்கள். பிள்ளைகளை மறித்து, பட்டணத்து வகுப்புக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு. சோதனையில் வராத நட்சத்திரத்தை இவர் படிப்பிக்கிறாராம். பிள்ளைகள் போனால் கொட்டிலை மூட வேண்டியதுதான். சேர் கெஞ்சவில்லை. ஒரு பானை மோதகம் அவித்துக்கொண்டிருந்தார்.

தாய்மார் வந்து வரிசை வாங்குகளில் உட்கார்ந்ததும் தொடங்கினார். "பெரிய நட்சத்திரம் செத்தா நடு மட்டும் தன்ட ஈர்ப்பு விசையால சுருங்கி மிஞ்சும். மட்டக்களப்பில பஸ் ஏறி இஞ்ச இறங்கினா அதின்ட அகலம் முடிஞ்சிரும். ஆனா சூரியனை விடப் பாரம். உள்ளுக்கு முழுக்க நியூட்ரோன். இந்தா, இந்த மோதகம்தான் நியூட்ரோன். பயறு, சர்க்கரை, தேங்காப்பூ, மூண்டும் அதுக்குள்ள இருக்கிற குவார்க் துணிக்கை. தோலை விட்டு வெளிய வராதுகள். ஆனா அமுக்கினா?"

பானையை இறக்கி, அதன் வாய்க்குள் அடங்கும் வட்டப் பலகையை மோதகங்களின் மேல் வைத்து என்னைப் பார்த்தார். பலகையில் ஏறி இருந்தேன். ஆவி சாரத்துக்குள்ளால் வந்தது. இதைவிடச் சூடான வேலைகளும் பார்த்திருக்கிறேன்.

"இன்னும் அமுக்கு மனே!"

பலகையை எடுத்தபோது மோதகம் ஒன்றும் இல்லை. ஒரே களி.

"அவத்தை மாற்றம்! பொருள் நிலை மாறிற்று!" என்று சேர் கையைத் தட்டினார். "தோல் போயிற்று. குவார்க் எல்லாம் விடுதலை!"

தாய்மாரில் ஒருத்தியான மீன் விற்கும் அக்கா எட்டிப் பார்த்தாள். "இத களுதாவளைப் பிள்ளையாருக்குப் படைச்சா தும்பிக்கையாலயே அடிப்பார். சரி சேர், நட்சத்திரத்துக்குள்ள இப்பிடித்தான் நடக்குதெண்டு கண்டவன் ஆர்?"

"ஒருத்தரும் இல்ல. நடக்குதா, நடந்தா திடீரெண்டா, மெல்ல மெல்லவா எண்டு இண்டைக்கும் விஞ்ஞானிகள் தங்களுக்குள்ள அடிபடுறாங்க."

"தெரியாததையா படிப்பிக்கிறீங்க?" என்று கேட்டுப் பின்னால் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். சேரின் முகம் சுருங்கியது. அக்கா போகவில்லை. களியில் விரலை விட்டு ஒரு பயறை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இது எந்த மோதகத்துப் பயறு?"

"ஒண்டினதும் இல்ல!" சேர் துள்ளியே விட்டார். "அதுதான் தங்கச்சி விசயம்! இனி அது எல்லாருடையதும்!"

அக்கா பயறை வாயில் போட்டுக்கொண்டாள். "என்ட புள்ள இஞ்சதான் படிக்கும். எனக்கே விளங்கிற்று. அவளுக்கு விளங்காதா?"

போன இரண்டு பேர் போனதுதான். மற்றவர்கள் களியைக் கரண்டியால் வழித்துத் தின்றார்கள். கொட்டில் தப்பியது. அந்த இடத்தில் நானும் ஒரு ஆளாக இருந்தேன் என்று இன்றைக்கும் எங்கே போனாலும் சொல்லிக்கொள்வேன்.

மறுநாள் காலை அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். கூட்டுவது, வாங்கு அடுக்குவது, தேவைப்பட்டால் ஏறி இருப்பது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சேர் பிள்ளைகளிடம், "இவர்தான் நம்மட ஈர்ப்பு விசை. எழும்பி வணக்கம் சொல்லுங்க" என்றார். கூட்டுகிற தும்புத்தடியோடு நின்ற எனக்காக முழு வகுப்பும் எழுந்து நின்றது.