எட்டு எம்மெம் அண்ணனின் ரெண்டு டிஸ்க்கு

ஹார்டு டிஸ்க்கை மோந்து பார்த்து வாங்கிய மனிதர் போடிநாயக்கனூரில் ஒருவர்தான். எட்டு எம்மெம். ஏலக்காய்க் கடையில் தரம் பார்க்கிற வேலை. எட்டு எம்மெம், அதாவது எட்டு மில்லிமீட்டர், பருமனுக்குக் குறைந்ததை அவர் காய் என்றே மதிக்க மாட்டார் என்பதால் ஊர் வைத்த பெயர்.

என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தால் டிஸ்க்கைக் காதருகே ஆட்டுவார். பிறகு இரண்டு கையிலும் ஒவ்வொன்றை வைத்து எடை பார்ப்பார்.

"ஒரு டிபியும் ரெண்டு டிபியும் ஒரே கனமாத்தான இருக்கு? பெறகு எப்படிப்பா கூடப் பிடிக்கும்?"

"உள்ள போறதுக்குக் கனம் கிடையாதுண்ணே."

"கனமில்லாத சரக்கை நான் வாங்குனதே இல்ல."

மூன்று மாதம் யோசித்தார். வேகத்துக்குச் சின்னதாக ஒரு எஸ்எஸ்டி, சேமிக்கப் பெரிய டிஸ்க்கு, கழற்றி அலமாரியில் வைக்க இன்னொன்று என்று சொல்லிப் பார்த்தேன். "வேகமா? எனக்கென்ன பஸ்சா போகுது?" என்று எஸ்எஸ்டியைத் தள்ளினார். அலமாரியில் வைத்தால் பூச்சி பிடிக்கும் என்றார். கடைசியில் இரண்டு பெரிய டிஸ்க்கை ஒரே பெட்டிக்குள் ஜோடியாகக் கேட்டார். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். "இதுல எழுதுறது அதுலயும் விழும்ணே" என்று பெருமையாக மாட்டிக் கொடுத்தேன்.

உள்ளே இருந்ததெல்லாம் மகளின் சின்ன வயது வீடியோக்கள். தாயில்லாத பிள்ளையைத் தனியாக வளர்த்தவர். அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு மலைக்கு மேலே நெடுங்கண்டத்துக்குப் போய்விட்டாள். ஜீப்பில் ஏறினால் போய்விடலாம். இவர் இரண்டு வருடமாகப் பேசவில்லை. வீட்டில் ஒரு ஆள், ஒரு தட்டு, சாயங்காலமானால் அந்த வீடியோக்கள். வாய் திறந்து பேசத் தோன்றினால் என் கடை.

ஒரு சாயங்காலம் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார். பேரன் பிறந்திருப்பதை அன்று மத்தியானம் ஒரு ஜீப்பு டிரைவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாராம். ஆத்திரத்தில் அத்தனை வீடியோவையும் அழித்துவிட்டார்.

"அது கெடக்கு. உள்ள இன்னொண்ணு இருக்குல்ல, அதை வெரசா எடுத்து மாட்டு."

எடுத்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். "அண்ணே, இதுல அழிச்சா அதுலயும் அழிஞ்சிரும்."

"எழுதுனா விழும்னுதான சொன்ன? அழிச்சா போகும்னு சொல்லலையே."

சொல்லவில்லைதான். மனுஷர் கோபத்துக்கு ஒன்று, பாசத்துக்கு ஒன்று என்று நினைத்து வாங்கியிருக்கிறார். எனக்குத்தான் உறைக்கவில்லை.

அழிந்ததை மீட்கிற மென்பொருளை ஓட விட்டேன். திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மீசைக்காரர் அழுவதை அன்றுதான் பார்த்தேன்.

"தேறாதுண்ணே. பாப்பாகிட்ட ஒரு காப்பி இருக்குமே?"

"போறப்ப பென்டிரைவுல ஏத்திக்கிட்டுத்தான் போனா."

"அப்பக் கேளுங்க."

போனைக் கையில் வைத்துக்கொண்டே அரை மணி நேரம் இருந்தார். எனக்கு இரண்டு டீ உள்ளே போய்விட்டது. பிறகு அமுக்கினார்.

"ஆத்தா, நான்தான். நீ சைக்கிள் பழகுன வீடியோ இருக்கா?" அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. "சரி, அது கெடக்கட்டும். பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்கீக?"

மறுநாள் காலை முதல் ஜீப்பில் ஏறிவிட்டார். இப்போது வாரம் தவறாமல் மேலே போகிறார், மற்ற நாளெல்லாம் பேரனோடு போன். என் கடைப்பக்கம் வந்து ஐந்து மாதமாகிறது.

உண்மையில் அன்று நான் தேறாது என்று சொன்னபோதே ஒரு வீடியோ விடாமல் அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்றுதான் பார்க்கிறேன், மனுஷர் வந்தால்தானே? எனக்கு அவரை ரொம்பத் தேடுகிறது.