ஆயிரமாவது நாளும் ஒரு கேஸ் டப்பாவும்

உலகத்தில் விபத்தை அடியோடு ஒழித்த மனிதர் ஒருவர்தான். அவருக்குக் கார் ஓட்டும் பேறு எனக்குக் கிடைத்திருந்தது.

எங்கள் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி அவர். வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை. தினமும் அதில் எண் தகட்டை மாற்றி மாட்டுவதும் என் வேலைதான். நடுவில் ஒருவருக்கு இயந்திரத்தில் கால் விரல் நசுங்கியது உண்மை. அவர் 'சொந்த விடுப்பில்' போனார். எண் தடுமாறாமல் ஏறியது. வருகிற திங்கட்கிழமை ஆயிரம். தலைமை அலுவலகத்திலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள்.

அவர்களை அழைத்து வர வேண்டிய காரின் ஏசியோ அடுப்பு மாதிரி ஊதியது. மெக்கானிக்கைக் கேட்டேன்.

"கேஸ் என்ன பெட்ரோலா மாப்ள, ஓட ஓடத் தீர்றதுக்கு? எங்கயோ ஓட்டை. அத அடைக்காம ஏத்துனா வந்த வழியே போயிரும்" என்றான்.

அதிகாரியிடம் சொன்னேன். பட்டறைக்காரர்களுக்குப் 'பாதுகாப்பு உணர்வு' போதாது என்று வருந்தினார். வீட்டிலேயே கேஸ் ஏற்றும் பெட்டி ஒன்றை வரவழைத்தார். உள்ளே ஒரு டப்பா, அளவுமானி வைத்த குழாய், ஒரு ஜோடி கையுறை, ஒரு கண்ணாடி, ஒரு விளக்கத் தாள்.

ஞாயிறு காலை அவர் வீட்டுப் போர்டிகோவில் 'பாதுகாப்புக் கூட்டம்'. நானும் அவரும் ஆஜர். தாளை அவர் கணீரென்று வாசித்தார். காற்றோட்டமான இடம் வேண்டும். ஓடும் விசிறிப் பக்கம் கை போகக் கூடாது. குழாயைத் தாழ்வழுத்த முனையில்தான் மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் டப்பா வெடிக்கும். முள் பச்சையைத் தாண்டக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

கடைசி விதிக்கு அதிகாரி அந்தக் கணமே கீழ்ப்படிந்தார். இரண்டையும் மாட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார்.

டப்பா என் கையில் இருந்தது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார் அவர் மனைவி. "தாளப் பிடிச்சிட்டு நிக்கறதுக்கு எதுக்குங்க கையுறை? அந்தத் தம்பிகிட்ட குடுங்க."

"பொறுப்பு யாருகிட்ட இருக்கோ, பாதுகாப்பும் அவங்களுக்குத்தான்" என்றார் அதிகாரி.

இன்ஜின் ஓடியது. முள் ஏறிப் பச்சையில் நின்றது. போதும் சார் என்றேன்.

"இன்னும் கொஞ்சம் ஏத்து. நாளைக்கு வர்றவங்க நடுங்கணும்."

ஏற்றினேன். முள் பச்சையைத் தாண்டியது. குழாயைக் கழற்றும்போது முனை சீறியது. வெள்ளையாய் ஏதோ பீய்ச்சி மூன்று விரல்களில் படிந்தது. மூட்டை தூக்கிக் காய்த்த கை இது. நெருப்பும் தெரியும், ஆணியும் தெரியும். குளிரும் சுடும் என்று அன்றுதான் தெரிந்தது. விரல்கள் மெழுகாய் வெளுத்து விறைத்தன. டப்பாவைக் கீழே போட்டுவிடாதே என்று தூணுக்குப் பின்னாலிருந்து உத்தரவு வந்தது. போடவில்லை.

அந்த அம்மாதான் ஓடி வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் என் கையை முக்கினார். பிறகு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனார். இரண்டு விரல் பிழைத்துக்கொள்ளும், சுண்டு விரல் நுனியைப் பற்றிப் பத்து நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

மாலையில் அதிகாரி அறிக்கை எழுதினார். நடந்தது ஞாயிறு, ஆகவே வேலை நாள் அல்ல. நடந்த இடம் போர்டிகோ, ஆகவே தொழிற்சாலை அல்ல. ஆகவே இது விபத்தே அல்ல. 'குளிர் சார்ந்த அனுபவம்'. என் வலக்கை கட்டுக்குள் இருந்ததால் இடக்கைப் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காரை அவரே ஓட்டி வந்தார். ஏற்றிய கேஸ் ராத்திரியே வந்த வழியில் போயிருந்தது. விருந்தாளிகள் வியர்வையில் நனைந்து இறங்கினார்கள். குளிர் என் விரல்களில் மட்டும் மிச்சம் இருந்தது.

ஆயிரம் என்று புதிதாக எழுதிய தகடு. நாள் தவறாமல் மாட்டியவன் நான்தான் என்பதால், இந்தக் 'கௌரவமும்' எனக்கே. ஒற்றைக் கையோடு ஏணியில் ஏறினேன். மேல்படியில் பிடி நழுவியது. நானும் தகடும் சேர்ந்தே விழுந்தோம்.

எப்போதும் பத்தடி தள்ளியே நிற்கும் அதிகாரி அன்று பாய்ந்து வந்தார். இரண்டு கைகளையும் நீட்டித் தாங்கிப் பிடித்தார்.

தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை.