காட்டுக்குப் போன சாய்வு நாற்காலி

கல்யாணமான நாளிலிருந்து நான் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கத் துடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அதற்கு ஒருநாளும் சம்மதிக்கவில்லை. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன். நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். நாள் முழுவதும் ஒரு பெட்டிக்குள் ஏறி இறங்குகிற வேலை. அப்படிப்பட்டவன் திறந்த வானத்துக்கு ஏங்குகிறான் என்றால் கேட்பவர்களுக்கு மனம் இளகிவிடும். நானும் பட்டறையில் எல்லோரிடமும் ஏங்கிக் காட்டுவேன். வீட்டில் மட்டும் விட்டால் இந்நேரம் ஏதாவது மரத்தடியில் படுத்திருப்பேன் என்பேன். எனக்குக் காட்டுராஜா என்று பெயர் வைத்தார்கள். தூறலில் நனைந்தாலே மறுநாள் லீவு போடுகிற ராஜா என்பதை யாரும் கவனிக்கவில்லை.

வீட்டிலும் இந்த ஏக்கத்தால் ஒரு லாபம் இருந்தது. எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒரு சின்ன அறை உண்டு. அதில் ஒரு ஜன்னல். ஜன்னலை ஒட்டி என் சாய்வு நாற்காலி. காலுக்கு ஒரு முக்காலி, தலைமாட்டில் ஒரு மேஜை விளக்கு. அதைப் படிப்பறை என்று அழைத்துவந்தேன். செய்தித்தாளை முகத்தின்மேல் விரித்துக்கொண்டு நான் அங்கே படிப்பேன்.

என் மனைவி தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கிறாள். அவளுடைய மிஷின் இருந்தது சாப்பாட்டு மேஜைமேல். சாப்பாட்டு நேரத்தில் மிஷின் கீழே இறங்கும், தட்டு மேலே ஏறும். சாப்பிட்டு முடித்ததும் தட்டு இறங்கும், மிஷின் ஏறும். லிஃப்ட் வேலையை வீட்டில் அவளும் பார்த்தாள் என்று சொல்லலாம். அந்தப் பின்னறையைத் தனக்குக் கொடுத்தால் நிம்மதியாகத் தைப்பேன் என்று அடிக்கடி கேட்பாள். நானும் தயாராக ஒரு பதில் வைத்திருந்தேன்: “நாள் பூரா பெட்டிக்குள்ள கிடக்கறவன் நான். காட்டுக்கும் போக விடமாட்டேங்கற. ஒரு ஜன்னலையாவது விட்டு வை.”

இந்தப் பதில் தோற்றதே இல்லை. தோற்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்று என் சோற்றுக்குள் ஒரு கொக்கி கிடைத்தது. சின்னப் பெண்களின் பாவாடைக்கு வைக்கிற இரும்புக் கொக்கி. எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். அதைத்தான் காலையிலிருந்து தேடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டாள். கூடவே அறையைக் கேட்டாள். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன்.

“சரி,” என்றாள்.

“என்ன சரி?”

“காட்டுக்குப் போலாம்.”

எனக்குப் புரையேறியது. அவள் தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

“ஆனா ஒண்ணு. வீட்டுக்குப் போலாம்னு யார் முதல்ல வாயைத் திறக்கறாங்களோ, அவங்க தோத்தாங்க. நீங்க சொன்னா ரூம் எனக்கு.”

“நீ சொன்னா?”

“அதுக்கப்புறம் அந்த ரூமை உங்ககிட்ட கேட்கவே மாட்டேன். எந்தக் காலத்துலயும்.”

நான் நிதானமாக யோசித்தேன். இவள் ஒரு பல்லியைப் பார்த்தால் நாற்காலிமேல் ஏறி நிற்கிறவள். காட்டில் ஒரு சாயங்காலம் தாங்கமாட்டாள். ஒரே ஒரு சாயங்காலத்துக்கு ஆயுசு முழுக்க அறை. ஒப்புக்கொண்டேன்.

கூடாரத்தை வாடகைக்கு எடுக்கலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. வாடகைக் கூடாரத்தில் யார் யார் படுத்தார்களோ, சொந்தமாக வாங்கிவிடுங்கள், பின்னால் உதவும் என்றாள். பின்னால் எதற்கு உதவும் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அவள் தம்பி தச்சுவேலை செய்கிறவன். மரம் ஏற்றுகிற வண்டி வைத்திருந்தான். எங்களைக் கொண்டுபோய் விட அவனே வந்தான். வந்தவன் அளவு நாடாவை எடுத்துப் படிப்பறையின் வாசலை அளந்தான். சாய்வு நாற்காலி வெளியே வருமா என்று பார்க்கிறானாம். அப்படியே உள்ளே போய் நாலு சுவரையும் அளந்தான். சுவர் எதற்கடா என்றேன். “கையோட அளந்துட்டேன் மாமா,” என்றான். தொழில்மேல் அவ்வளவு பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி சாமான்களை ஏற்றினாள். சாய்வு நாற்காலி, முக்காலி, சுவர்க் கடிகாரம், பழைய செய்தித்தாள் கட்டு, கடைசியாக மேஜை விளக்கு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“விளக்கை எடுத்துட்டு வர்றியே, காட்டுல எந்த மரத்துல செருகுவ?”

“இருக்கட்டுங்க. உங்க சாமான் உங்களோட இருந்தா எனக்கு ஒரு நிம்மதி.”

இதை வழியெல்லாம் மச்சினனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். நகைச்சுவைக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

சிரித்த வேகத்தில் நான் ஒரு தவறு செய்தேன். காட்டுக்கு வந்து நாற்காலியில் உட்காருவது என் கொள்கைக்கு ஒத்துவராது, மண்ணில்தான் உட்காருவேன் என்று அறிவித்துவிட்டேன். அப்படியானால் நாற்காலியில் தான் உட்காரலாமா என்று கேட்டாள். தாராளமாக என்றேன். அதற்குப் பிறகு என் நாற்காலியை நான் தூரத்திலிருந்துதான் பார்த்தேன்.

இடம் ஓர் ஏரிக்கரை. கூடாரம் போடுகிறவர்களுக்காக ஒதுக்கியது. தண்ணீர்க் குழாய் ஒன்று, காவல்காரர் ஒருவர். செல்போன் பேச வேண்டுமென்றால் அதோ அந்தப் பாறைமேல் ஏற வேண்டும், வேறெங்கும் எடுக்காது என்று காவல்காரர் காட்டினார். காட்டுக்கு வந்து யாருக்கய்யா போன் என்றேன். என் மனைவி பாறையை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுச் சாவியைத் தம்பியிடம் கொடுத்து அனுப்பினாள்.

கூடாரம் போடுவதற்கு நல்ல இடம் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தரை சமமாக இருக்க வேண்டும். வேர் இருக்கக் கூடாது. எறும்புப் புற்றுக்குத் தள்ளி இருக்க வேண்டும். நான் சரிவான தரையில், வேருக்கு மேலே, புற்றுக்கு அருகில் ஓர் இடம் தேடிக் கண்டுபிடித்தேன். அவள் சீக்கிரம் வாயைத் திறக்க வேண்டும் அல்லவா?

சரிவில் கூடாரம் போட்டால் மேட்டுப் பக்கம் ஒன்று, பள்ளத்துப் பக்கம் ஒன்று என்று ஆகிவிடும். மேட்டுப் பக்கத்தை அவள் எடுத்துக்கொண்டாள். வேர் இருந்தது என் பக்கத்தில். எறும்புகளும் என்னிடம்தான் வந்தன. அதில் எறும்புகளின் தவறு ஒன்றுமில்லை. அவசரத்துக்கு உதவும் என்று சட்டைப்பையில் ரகசியமாக பிஸ்கட் வைத்திருந்தேன்.

காலையில் அவள் டீ போட்டிருந்தாள்.

“தூக்கம் எப்படிங்க?”

“அருமை. தரையில படுத்தாத்தான் முதுகு முதுகா இருக்கு.”

“கழுத்து ஏன் ஒரு பக்கமா திரும்பியிருக்கு?”

“அந்தப் பக்கம்தானே ஏரி. பார்த்துட்டிருக்கேன்.”

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த டீ நன்றாக இருந்தது. புகை வாசனையோடு இருந்தது. ஏரியின்மேல் பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. எந்த லிஃப்டிலும் யாரும் மாட்டிக்கொண்டு மணி அடிக்கவில்லை. கழுத்தை மட்டும் நேராக்க முடிந்திருந்தால் அதை இன்பம் என்றே சொல்லியிருப்பேன்.

அவள் நாற்காலியில் சாய்ந்து, முக்காலியில் காலை நீட்டி, மடியில் சீருடைகளைப் போட்டுக்கொண்டு காஜா எடுத்தாள். பட்டன் நுழைகிற துளைக்கு ஓரம் தைப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஒரு பல்லி வந்தது. நான் ஆவலோடு பார்த்தேன். அவள் கத்தரிக்கோலால் தரையைத் தட்டினாள். அது போய்விட்டது. உனக்குப் பயமில்லையா என்று கேட்டேன். “வீட்டுல இருந்தா என் துணிமேல ஏறும். இது அதோட வீடு. நாமதான் விருந்தாளி,” என்றாள்.

நாட்கள் இப்படியே போயின. கொசு கடித்தால் ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்றேன். கஞ்சியில் சாம்பல் விழுந்தால் பல்லுக்கு நல்லது என்றேன். குழாய்த் தண்ணீரில் குளித்து நடுங்கும்போது இது ஒருவகை உடற்பயிற்சி என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் “அப்படியா, உங்களுக்குப் பிடிச்சா சரி,” என்பாள். குறை என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் வரும்?

நான் தாக்குப்பிடித்ததற்கு ஒரு ரகசியக் காரணம் உண்டு. சாயங்காலம் ஆனால் அவள் பாறைமேல் ஏறுவாள். சூரியன் இறங்குவதைப் பார்க்க வேண்டுமாம். நன்றாகப் பார் என்று அனுப்பிவைப்பேன். அவள் தலை மறைந்ததும் நாற்காலியில் விழுவேன். முக்காலியில் கால், முகத்தில் செய்தித்தாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் மற்ற நேரமெல்லாம் உயிரோடு இருந்தேன்.

மாட்டிக்கொள்ளும் பயமும் இல்லை. பாறையிலிருந்து இறங்கும்போது அவள் தவறாமல் இரண்டு முறை இருமுவாள். குளிர்காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, பாவம். இருமல் கேட்டதும் துள்ளி எழுந்து மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அவள் வரும்போது நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சூரியன் எப்படி என்பேன். நன்றாக இறங்கினான் என்பாள். குழாயடியில் நின்று காவல்காரர் இதைத் தினமும் கவனிப்பார்.

பிறகு மழை வந்தது.

மழைத்தண்ணீர் பள்ளத்தைத் தேடித்தான் போகும். கூடாரத்தின் பள்ளத்துப் பக்கம் யாருடையது என்று முன்பே சொல்லியிருக்கிறேன். அவள் நாற்காலியைக் கூடாரத்துக்குள் இழுத்துப் போட்டு, காலை முக்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு தைத்தாள். நான் தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். என் செருப்பு ஒன்று மிதந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தது. என் பொறுமை முடிந்தது.

“வீட்...” என்று ஆரம்பித்துவிட்டேன்.

ஊசி நின்றது. “என்ன சொன்னீங்க?”

அறையும் ஜன்னலும் என் கண்முன் வந்தன.

“வீடு மாதிரியே இருக்குன்னு சொல்ல வந்தேன்.”

“நிஜமாவா? அந்த ரூமைவிட நல்லா இருக்கா?”

“அந்த ரூம் என்ன ரூம்? அடைச்ச பெட்டி. மனுஷன் இருக்க வேண்டிய இடம் கூடாரம்தான்.”

காவல்காரர் குடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் நனையாமல் இருக்கிறார்களா என்று பார்க்க வந்தவர். அவள் அவரிடம், இவர் சொன்னதைக் கேட்டீர்களா என்று விசாரித்தாள். தெளிவாகக் கேட்டதாக அவர் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் பாறையிலிருந்து இரண்டு இருமல் இறங்கி வந்தது. நான் மண்ணில் தயாராக இருந்தேன். அவள் எதிரில் வந்து நின்றாள்.

“வீட்டுக்குப் போலாங்க.”

என் காதுகளை நான் நம்பவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னாள். காவல்காரரைக் கூப்பிட்டு அவர் முன்னாலும் சொல்லச் சொன்னேன். அதையும் சொன்னாள், முகத்தில் துளி வருத்தமில்லாமல். பெருந்தன்மையோடு தோற்கிறாள் என்று அவள்மேல் எனக்கு மரியாதைகூட வந்தது. வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது, காலையில் தம்பி வருவான் என்றாள்.

வீட்டு வாசலில் இறங்கியதும் நேராகப் படிப்பறைக்குப் போனேன். கதவைத் திறந்தேன்.

ஜன்னலை ஒட்டித் தையல் மிஷின் இருந்தது. எதிர்ச்சுவர் முழுக்க அலமாரி. நடுவில் துணி வெட்டுகிற நீளமான மேஜை. எல்லாம் சுவருக்குச் சுவர் நூல் பிசகாமல் பொருந்தியிருந்தன. கையோடு அளந்த கை. புதுமரத்தின் வாசனை அறை முழுக்க இருந்தது. பின்னாலேயே வந்த மச்சினன் மூலையில் கிடந்த மரச்சுருளைக் காலால் ஒதுக்கினான்.

“பந்தயத்துல ஜெயிச்சது நான்,” என்றேன்.

“நீங்கதாங்க. சொன்ன சொல் மாறமாட்டேன். இனிமே அந்த ரூமை உங்ககிட்ட கேட்கவே மாட்டேன்.”

மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து நூல் கோத்தாள். என் சாமான்களை எங்கே வைப்பது என்று கேட்டேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. மச்சினன் பதில் சொன்னான்.

“மொட்டை மாடியில கொக்கி பதிச்சிருக்கேன் மாமா. கூடாரம் ஆடாம நிக்கும். சரிவு, வேரு எதுவும் கிடையாது. பிளக்கும் ஒண்ணு வெச்சிருக்கேன். விளக்கைச் செருக மரம் தேட வேணாம்.”

நான் வாயைத் திறந்தேன்.

“அடைச்ச பெட்டின்னு சொன்னது நீங்கதானே?” என்றாள் மனைவி, நூலிலிருந்து கண்ணை எடுக்காமல். “வேணும்னா அந்தக் காவல்காரரைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வரச் சொல்லட்டுமா?”

நான் வாயை மூடினேன்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் கூடாரம் நின்றது. உள்ளே நாற்காலி, முக்காலி, கடிகாரம். விளக்கு எரிந்தது. உண்மையைச் சொன்னால் மோசமில்லை. காற்று வந்தது. முதுகுக்குக் கீழே வேர் இல்லை. செய்தித்தாளை முகத்தில் விரித்துப் படிக்க ஆரம்பித்தேன்.

மாடிப்படியில் யாரோ இரண்டு முறை இருமினார்கள்.

என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிவதற்குள் நான் நாற்காலியை விட்டுத் துள்ளித் தரையில் சம்மணம் போட்டிருந்தேன். என் மனைவி டீயோடு குனிந்து உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். காலி நாற்காலியைப் பார்த்தாள்.

“மேலேயே உட்காருங்க. இன்னிக்கு நிஜமாவே சளி பிடிச்சிருக்கு.”